பேனரில் மாலை போட்ட என் படம்

நாகமலை புதுக்கோட்டை
14.10.2025

அன்பு மகள் திவ்யாவுக்கு அம்மா எழுதுவது. குதிகால் வெடிப்பைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். கனடாவில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், நீ காதை மூடிக்கொண்டு வெளியே போய், வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பாண்டி கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்காக விடுதியை வெள்ளிக்கிழமையோடு மூடுகிறார்கள், பிள்ளைகள் இப்போதே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சோணையம்மாளுக்கு முழங்கால் வலி கேட்கவில்லை, எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். நேற்று நீ போனில் பேசியபோது நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் சரிம்மா, விடும்மா, பெருசு பண்ணாதம்மா என்று மூன்று தடவை சொன்னாய். காகிதத்தை யாரும் இடையில் மறிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படி.

போன மாதம் சமயநல்லூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸிலிருந்து ஒரு பேனரைப் பார்த்தேன். நான் படித்த மிஷன் பள்ளியின் பெயரைப் போட்டு, 1987ஆம் வருஷம் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஒன்றுகூடுகிறோம், அக்டோபர் 12 ஞாயிற்றுக்கிழமை, இன்ன மண்டபம் என்று எழுதியிருந்தது. என் செட்டுதான். எனக்குச் சந்தோஷத்தில் இறங்க வேண்டிய நிறுத்தமே தவறிப்போனது. உடனே ஹெப்சிபாவுக்குத்தான் போன் போட்டேன். நான்கு வருஷம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், உன் அப்பா போன பிறகு சனிக்கிழமைதோறும் உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள், நீ பெரியம்மா என்று கூப்பிடுகிறவள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டேன். அதெல்லாம் நாலு ஆம்பளைக சேந்து கூத்தடிக்கிறது செல்லம், நானே போகல, நீ எதுக்கு லீவப் போட்டுக்கிட்டு அலையிற என்றாள். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை நம்ம கூடப் படித்தவர்கள் யாராவது தொடர்பில் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறேன், ஒருத்தரும் இல்லை என்பாள். நானும் நம்பினேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மனது கேட்கவில்லை. நீ எடுத்துக்கொடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, விடுதி அடுப்படியை என்கூடச் சமைக்கிற பாண்டிச்செல்வியிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

நான் உள்ளே நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. செத்துப்போனவர்களுக்காக மௌனமாக நிற்கிறார்கள் என்று வாசலில் நின்றவர் கையைக் காட்டினார். நானும் கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, யாரோ பாவம், நல்ல கதிக்குப் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பேனர், எங்களை விட்டுப் பிரிந்த நண்பர்கள் என்று மேலே எழுத்து, கீழே நான்கு படம், நான்காவது படம் நான். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள், ரெட்டைச் சடை, ரிப்பன் எல்லாம் இருக்கிறது. பெயர் செல்லத்தாய், தோற்றம் 1972, மறைவு 2009. அதற்கு ஒரு சம்பங்கி மாலை வேறு. எனக்காக நானே நின்று கும்பிட்டிருக்கிறேன் திவ்யா. ஊரில் யாருக்கும் இந்தக் கொடுப்பினை கிடைத்திருக்காது.

நான் நேராக மேடைக்கு முன்னால் போய் நின்று, நாந்தான் செல்லத்தாய், எதுக்கு எம் படத்துக்கு மாலை போட்டிருக்கீக என்று கேட்டேன். மைக்கைப் பிடித்திருந்த செல்வக்குமார், அவன்தான் எல்லா ஏற்பாடும் செய்தவன், என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தான். அழகுமலை என்று ஒருத்தன், அப்போதெல்லாம் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன், கிட்டே வந்து என் முகத்தையே பார்த்தான், பிறகு கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டு பெண்கள் என் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யார் சொன்னது என்று நான் கேட்டதற்கு செல்வக்குமார், ஹெப்சிபா டீச்சருதாம்மா சொன்னாக, ஒம்போது வருசத்துக்கு முன்னாடி வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டாக, எடுத்துப் போடுற வரைக்கும் கூடவே இருந்தேன்னு சொல்லி அழுதாக என்றான். ஹெப்சிபா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போகவே இல்லை என்று சொன்னவள், நெஞ்சில் பேட்ஜ் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் என்னைக் கையைப் பிடித்து கைகழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோவிச்சுக்காத செல்லம், இவுக எல்லாம் அவ என்ன செய்றா, எங்க இருக்கான்னு நச்சரிச்சாக, கிளாஸ்ல மொத ராங்க் வாங்குனவ இன்னைக்கு மெஸ்ஸுல சட்டி கழுவுறான்னு சொல்ல எனக்கு நாக்கு வரல, ஒம் மானத்தக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்றாள். நான் சட்டி கழுவல, முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன் என்றேன். அதைத்தான் என்னால் அப்போது சொல்ல முடிந்தது. எந்த வருஷத்தைப் போட்டிருக்கிறாள் பார். 2009 உன் அப்பா போன வருஷம், நான் கரண்டியைப் பிடித்த வருஷம். அன்றைக்கே நான் அவளுக்குச் செத்துப்போய்விட்டேன், அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக நம் வீட்டுக்கு வந்து என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் ஆலன் கல்யாணத்தில் என்னை மண்டபத்துச் சமையற்கட்டில் நிறுத்தினாள் அல்லவா. ஒன்னைய நம்பித்தான் பந்திய விட்டிருக்கேன், நீ அங்கிட்டு இங்கிட்டு அசையக்கூடாது என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தாலி கட்டுவதைக்கூடப் பார்க்காமல் காலையிலிருந்து சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் நின்றேன். மத்தியானம் அவளே ஒரு இலையில் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்து, இங்கேயே உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்லி, விசிறியும் விட்டாள். கல்யாண வீட்டுக்காரி இத்தனை வேலைக்கு நடுவிலும் என்னை மறக்கவில்லையே என்று உனக்கு அன்றைக்குப் போனில் சொல்லி அழுதேன், ஞாபகம் இருக்கிறதா. ஞாயிற்றுக்கிழமை செல்வக்குமார் சொன்னான், அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் செட்டில் இருபத்தாறு பேர் வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார்களாம், சாம்பார் இன்னும் நாக்கில் நிற்கிறதாம். நான் வெளியே வந்துவிடக்கூடாது என்றுதான் அவள் இலையோடு வந்திருக்கிறாள். உனக்கு அவள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அதற்காக இதை விழுங்கு என்றால் தொண்டையில் இறங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நான் கையை உதறிக்கொண்டு கிளம்பும்போது ஹெப்சிபாவுக்கும் கோபம் வந்துவிட்டது. நான் மட்டுமா சொன்னேன், ஒம் மக ஒன்னைய அந்தப் பையன் வீட்டுல ஹாஸ்டல் வார்டன்னுல்ல சொல்லி வச்சிருக்கா, அதுக்குத்தான் பொண்ணு கேக்க வாரவுகள எங்க வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கோம், அவளப் போய்க் கேளு என்றாள். நேற்று நான் கேட்டேன். நீ உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, விடும்மா, பெரியம்மாவும் நல்லதுக்குத்தானே செஞ்சாங்க என்றாய். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பையன் பாண்டியராஜனின் அப்பா அம்மா உன்னைப் பெண் கேட்டு கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள், பெரியம்மா வீட்டில் ஏசி இருக்கிறது, கார் நிற்க இடம் இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னபோது நான் சரி என்றுதானே சொன்னேன். பலகாரமெல்லாம் நானே அங்கே போய்ப் போட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன், மடச்சி. அன்றைக்கு நான் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தீர்கள், ஹாலிலா, அடுப்படியிலா. ஹெப்சிபா செய்தது என்னைச் சுட்டது உண்மைதான், ஆனால் அவள் வெளி ஆள், போய்த் தொலைகிறாள் என்று இன்னும் கொஞ்ச நாளில் விட்டுவிடுவேன். நீ அப்படி இல்லை. நான் இடுப்பு வலியோடு கிண்டிய உப்புமாவில்தான் நீ படித்தாய், விமானம் ஏறினாய். என்னைச் சொல்ல உனக்கும் நாக்கு வரவில்லையா.

இப்போது நான் சொல்வதைக் கேள். நவம்பர் 23ஆம் தேதி அவர்கள் நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் பத்து நாற்காலி போட முடியும், கார் நம் தெருவுக்குள் வராது, முக்கில் நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். நான் யார், என்ன வேலை பார்க்கிறேன் என்பதை அதற்கு முன்னால் நீ அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் நம்பர் என்னிடம் இருக்கிறது, நான் முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன். பொய்யை நீ சொன்னாய், நீதான் திருத்த வேண்டும். அந்தப் பையன் நல்லவன் என்றுதான் எனக்குப் படுகிறது, இதற்காக விலகிப் போகிறவன் என்றால் போகட்டும். சொல்லவே முடியாது என்று உனக்குத் தோன்றினால், ஹெப்சிபா போட்ட மாதிரி நீயும் எனக்கு ஒரு வருஷத்தைப் போட்டு அவர்களிடம் சொல்லிவிடு. 2009 ஏற்கெனவே போட்டாகிவிட்டது, வேறு வருஷமாகப் பார்த்துக்கொள். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துவிட்டு வேறு எழுத மனது வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, அங்கே நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயாவது வை. உனக்கு அதிரசமும் முறுக்கும் இந்தக் கடிதத்தோடு கூரியர் பார்சலில் போட்டிருக்கிறேன், வேலை செய்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடு. யார் செய்தது என்று கேட்டால் சொல். நீ நீண்ட ஆயுசோடு, நல்ல கணவனோடு, பிள்ளை குட்டியோடு தலை நிமிர்ந்து வாழ வேண்டும், அதற்கு என் ஆசி எப்போதும் உண்டு. 23ஆம் தேதியை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
செல்லத்தாய்
சமையற்காரி, மாணவியர் விடுதி
நாகமலை புதுக்கோட்டை