சுஜி அப்பா சாப்பிட்டாரா?

சுஜி அப்பாவுக்கு ஸ்தோத்திரம். போன்ல பேசுனா உங்களுக்குச் சரியா காது கேக்கலன்னு எழுதுறேன். தாம்பரத்துல கர்த்தர் கிருபையால நான் சுகம். முழங்கால் வலிகூட பரவாயில்ல.

நான் சமைக்கிற ஹாஸ்டல்ல காலேஜ் பிள்ளைங்க இப்போ ஏஐகிட்டதான் பாடம் கேக்குதுங்க. “சார் திட்டுவாரு ஆன்ட்டி, இது எத்தனை தரம் கேட்டாலும் திட்டாது”ன்னா கெசியா. “தப்பாவும் தைரியமா அடிச்சு விடும்டி”ன்னா தேவதர்ஷினி.

கெசியா போன தடவை அது சொன்னதை வாய்மொழிப் பரீட்சையில அப்படியே ஒப்பிச்சா. சார் குறுக்குக் கேள்வி கேட்டதும் முழிச்சு ஃபெயிலாயிட்டா. அதனால இந்தத் தடவை நான் பீன்ஸ் நறுக்கும்போது பக்கத்துல உக்காந்து எனக்கு விளக்கிப் பாத்தா. எனக்குப் புரியலன்னா போய் மறுபடி படிச்சிட்டு வருவா. நேத்து பாஸ்! அல்லேலூயா!

அந்தச் சந்தோஷத்துல, “நீங்களும் ஏதாச்சும் கேளுங்க ஆன்ட்டி”ன்னு போனை நீட்டினா. “சுஜி அப்பா சாப்பிட்டாரா?”ன்னு கேட்டேன். “எனக்குத் தெரியாது, அவரிடமே கேளுங்கள்”னு சொல்லிடுச்சு. பிள்ளைங்க ஒரே சிரிப்பு.

சூடான பாத்திரம் இறக்க உங்க பழைய துண்டு ஒண்ணு குடுத்து விடுங்க. புதுசு வேண்டாம்.

குக்கர் விசில் அடிக்குது, ஓடுறேன். சாப்பிட்டீங்களா?

உங்க பாக்கியமணி