உங்கள் பூஜை அலமாரியில் என் ஜாதகம்

அம்மா,

பதின்மூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, இன்று காலை உங்கள் பூஜை அலமாரியை ஒழித்தேன். விபூதி மடலுக்குப் பின்னால், பட்டுத் துணியில் சுற்றி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, என் ஜாதகம் இருந்தது. ஏழு வருஷமாக அதற்குத் தினமும் பூ வைத்திருக்கிறீர்கள். எத்தனை கழுவியும் கற்பூர வாசனை விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு வரவில்லை. கோபம்தான் வருகிறது.

ரங்கூன் விழுந்த வருஷம் அது. மாதுங்காவில் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். பாதிக் குடும்பங்கள் பாலக்காட்டுக்கு ரயிலேறிவிட்டன. மிச்சம் இருந்தவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்த பையன்களுக்கு, கடிதம் போட ஒருத்தி இருந்தால் தேவலை என்று ஆசை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு, சண்டை முடிவதற்குள் மாப்பிள்ளைகளே தீர்ந்துபோய்விடுவார்கள் என்று பயம். உங்கள் அவசரம் வேறு மாதிரி. ராணுவக் குமாஸ்தாவான உங்கள் ஒரே பிள்ளை எகிப்துக்குக் கப்பலேறப் பதினைந்து நாள்தான் இருந்தது. தீர்க்க சுமங்கலி ஜாதகம் உள்ள ஒரு பெண்ணை அதற்குள் பிடித்துக் கட்டி வைத்துவிட்டால், அவளுடைய மாங்கல்ய பலம் அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று நினைத்தீர்கள்.

பெண் பார்க்க வந்த நீங்கள் என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த காகிதத்தைத்தான் பார்த்தீர்கள். "எட்டாம் இடம் சுத்தமா இருக்கு. பொண்ணு கறுப்போ சேப்போ, எனக்கென்ன வந்தது?" என்றீர்கள். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். "அதெல்லாம் அவன் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டீர்கள். ஆடி பிறக்க நாலு நாள் இருக்கையில் கல்யாணம். அடச்சே, காய்கறி வாங்குகிறவர்கள்கூடப் புரட்டிப் பார்ப்பார்கள்!

ஒன்பது நாள் அவரோடு இருந்தேன். கிளம்புகிற அன்று பால்கனியில் நின்றுகொண்டு, "எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம்னுதான் சொன்னேன். அம்மா சாப்பிட மாட்டேன்னுட்டா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் திரும்பி வரல்லேன்னா உன்னைத்தான் சொல்லுவா. மனசுல வெச்சுக்காதே, கேட்டியா" என்றார். அந்தக் கல்யாணத்தில் என்னிடம் மனுஷனாகப் பேசியது அவர் ஒருவர்தான்.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஜாதகம் பொய். எனக்கு எட்டில் செவ்வாய்; புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள். மூன்று இடத்தில் அதனால் தட்டிப்போனதும், அப்பா தாதரில் ஒரு ஜோசியரைப் பிடித்து, முக்கால் மணி முன்னதாகவே நான் பிறந்துவிட்டதாகப் புதிதாக எழுதி வாங்கினார். செவ்வாய் ஒன்பதுக்கு நகர்ந்துவிட்டது. "ஊர்ல எல்லாரும் பண்றதுதாண்டி" என்றார் அப்பா. மற்ற பெண்டாட்டிகள் ஜெர்மன்காரனின் குண்டுக்குப் பயந்தார்கள். நான் செவ்வாய்க்குப் பயந்தேன். தந்திச் சேவகன் தெருவில் வந்தால், எந்த வீட்டில் நிற்கிறான் என்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருஷம் அவருடைய சிநேகிதர் லீவில் வந்தார். கூடாரத்தில் குண்டு விழுந்தபோது உங்கள் பிள்ளை மட்டும் தபால் வாங்க வெளியே போயிருந்ததாகச் சொன்னார். ரேஷன் சர்க்கரையை நீங்கள் கட்டடம் முழுக்க வாரிக் கொடுத்தீர்கள். "என் மாட்டுப்பொண் ஜாதகமாக்கும் அவனைக் காப்பாத்தினது!" அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? மாடி வீட்டுக் கோமுவுக்குப் பதினேழு வயது. என்னிடம் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் ஜாதகத்தை நீங்களே வாங்கிப் பார்த்து, நீங்களே பையனைப் பிடித்து, அவன் அஸ்ஸாம் பக்கம் சண்டைக்குப் போகிற வாரத்தில் முடித்து வைத்தீர்கள்.

ஐந்தாம் மாதம் தந்தி வந்தது.

இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்து நீங்களே அந்தக் கஷ்டத்தைப் பட்டவர். கோமுவைக் கட்டிக்கொண்டு அழுவீர்கள் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கையில், "நேரத்தை மாத்தி எழுதிக் குடுத்து அந்தப் பையனைக் கொன்னுட்டா! அசல் ஜாதகமானா இப்படி ஆகுமோ? எங்காத்துல பாருங்கோ" என்று என்னைக் கை காட்டினீர்கள். "சத்தியமாச் சொல்றேன் மாமி, நேரம் சரியாக்கும்" என்று கோமுவின் அப்பா உங்கள் காலில் விழப்போனார். மூலையில் இருந்த கோமு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் கை காட்டினீர்கள், அதனால் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வீட்டை விட்டு விரட்டுவீர்கள் என்றா? அதுவும்தான். ஆனால் அம்மா, சொன்னால் அந்த நிமிஷமே எகிப்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தேன். உங்களைத் திட்டித் தீர்க்கிற நானும் அதை நம்பினேன். வெட்கக்கேடு!

அவர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போதும் சொல்லவில்லை. நீங்கள் இருக்கிறீர்களே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோமுவின் அப்பா திருட்டு ஜாதகம் கொடுத்தவர் என்ற பெயரோடு செத்துப்போனார். அவள் செம்பூரில் அண்ணன் வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். புருஷன் வீட்டார் அவளை வாசற்படி ஏற்றுவதில்லை. குர்லாவில் வண்டி மாறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அவளைப் பார்க்காமல் இருந்தாலும் அவள் அன்று பார்த்தது என்னை விட்டுப் போவதில்லை.

இன்று மத்தியானம் வேறு புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். செம்பூருக்கு டிக்கெட்டும் வாங்கினேன். வண்டி வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்து, அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.