இரண்டாவது அன்னா

மொன்றியல், 14.11.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கும் இறந்துபோன அக்காவின் பெயர்தான் என்று அன்றைக்கு நான் தனுஜனிடம் சொல்லவில்லை. உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம்.

தனுஜன் என்னோடு வேலை செய்பவன். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் நோர்வேயிலிருந்து பாய்க்கப்பலில் வந்த குடும்பங்களின் பெயர்களை ஒரு புத்தகத்துக்காகக் கணினியில் ஏற்றினோம். ஒரு குடும்பத்தில் அன்னா என்ற பெயர் இரண்டு தரம் இருந்தது. தவறுதலாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டேன்.

சென்ற மாதம் தனுஜன் மூலப்பட்டியலைப் பார்த்துச் சிரித்தான்.

"ஐயோ அக்கா, மூத்தது கப்பலில செத்து, கடலில விட்டிட்டினம். பேந்து கப்பலிலேயே பிறந்ததுக்கும் அதே பேர். அவையின்ர வழக்கமாம். நீங்கள் உயிரோட இருந்ததையெல்லோ அழிச்சுப்போட்டீங்கள்!"

"ஓம், கவனிக்கேல்லை" என்றேன்.

இராமேஸ்வரத்துக்கு அகதிகளாய்ப் போன வள்ளத்தில் காய்ச்சலில் இறந்த அக்காவை நீங்கள் கடலில் விட்டீர்கள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியதும் நான் பிறந்தேன். "ஜென்சி" என்று கூப்பிடுவீர்கள். நான் வந்து நின்றால் என் தோளுக்கு அப்பால் பார்ப்பீர்கள். இங்கேயும் சில நேரம் அறையில் அந்தக் குரல் கேட்கிறது. யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியாததால் நான் எழும்புவதில்லை.

ஒரு உதவி அம்மா. என் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். கோயில் பதிவில் இரண்டு ஜென்சி இருக்கும். வருடத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்
ஜென்சி

பி.கு. தனுஜன் கண்டபோதே பட்டியல் அச்சுக்குப் போயிருந்தது; அன்னாவைத் திரும்பச் சேர்க்கப் பிந்திவிட்டது. புத்தகம் நேற்று அச்சாகி வந்தது. அதில் கடலில் விடப்பட்டவள் மட்டும்தான் இருக்கிறாள்.