எதிரே இருப்பவள்

ஞாயிறு, கொக்குவில்.

மகள் வதனிக்குக் கொழும்பில் ஒரு கசினோவில் வேலை கிடைத்திருக்கிறது. சீட்டுக்கட்டைக் கலைத்துக் காட்ஸ் பகிர்ந்து ஆட்டம் நடத்தும் வேலை. செவ்வாய்க்கிழமை போகிறாள். பின்னேரம் பயிற்சிக்கென்று என்னை எதிரே இருத்தினாள். சீன ஆட்டமொன்றைத் தழுவி அமெரிக்காவில் உருவானதாம். பாய் கௌ போக்கர்.

ஆளுக்கு ஏழு காட்ஸ். அவற்றை ஐந்து, இரண்டு என்று இரு கைகளாகப் பிரிக்க வேண்டும். ஐந்துதான் பலமாக இருக்க வேண்டும்; இரண்டைப் பலமாக வைத்தால் அதோடு தோல்வி. என் இரண்டு கைகளும் அவளுடையவற்றை வென்றால்தான் எனக்கு வெற்றி. ஒன்று மட்டும் வென்றால் சமன்.

எனக்கு இரண்டு ஒன்பதும் இரண்டு ஆஸும் வந்தன. ஒன்பதுகளை ஐந்தில் வைத்தேன், ஆஸ்களை இரண்டில். இதில் ஆஸ்தான் பெரிதாம்; எங்கள் ஊர் முந்நூற்றிநாலு ஆட்டத்திலோ ஆஸைவிட ஒன்பதுதான் பெரிது. பழகிய கை வேறென்ன செய்யும்?

வதனி பார்த்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. பந்தயமாக நான் வைத்த புளியங்கொட்டைகளை வழித்தெடுத்தாள்.

"ஏன் பிள்ளை, பிழையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"அங்கை அப்பிடிச் சொல்லேலாது அப்பா. நான் கசினோக்காரரின்ரை ஆள்."

சரிதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. முந்நூற்றிநாலில் எதிரே இருப்பவர்தான் கூட்டாளி. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலந்தொட்டு அந்த இடத்தில் வதனிதான். நான் புருவத்தைத் தூக்கினால் என் கையில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேருமாகக் கள்ளம் செய்து ஊரையே வென்றிருக்கிறோம்.

இன்றும் என்னை அறியாமல் புருவத்தைத் தூக்கினேன்.

அவள் அடுத்த ஏழு காட்ஸையும் என் முன்னால் வைத்தாள்.