தாளின் இடது பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய், அதனால் கேட்கவில்லை. இரண்டு டிரிப்புக்கு நடுவில், பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

நுரையீரல் கட்டி சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறது. மாதாமாதம் இடுப்பில் ஊசி போட்டாகிறது. நியூரோஎண்டோகிரைன் என்று வாயில் நுழையாத பெயர் வைத்தார்களே தவிர, நாலு வருடமாகச் சாதுவாகத்தான் இருக்கிறது. "இது ஆமை மாதிரி நகர்ற கட்டி, நீங்க தாராளமா வண்டி ஓட்டலாம்" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

வண்டிக்குத்தான் நேரம் சரியில்லை. இடது கண்ணாடி இந்த மாதத்தில் இரண்டாம் முறை உடைந்தது. கேட் தூணை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்றேன், மேனேஜர் சிரிக்கவில்லை. வீட்டில், "பாதித் தட்டை அப்படியே வச்சுட்டு எழுந்திருக்கீங்களே, சமையல் பிடிக்கலையா?" என்று வீட்டுக்காரி சண்டைக்கு வருகிறாள். தாள் வேறு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இன்னும் ஒன்றுமே எழுதவில்லை, அதற்குள் நாலாவது தாள்.

உன் தம்பி,
ஹாரன்

மார்ச் 8

அன்புள்ள ஹாரனுக்கு,

தொட்டிலில் நீ போட்ட சத்தத்துக்கு நான் வைத்த பெயர். இன்று நான் சத்தம் போடுகிறேன், கேள்.

உன் கடைசி மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் இடது ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டிருக்கிறாய். பிப்ரவரியில் நாலு விரல். இப்போது பாதித் தாள் காலி. தாள் ஏன் தீர்கிறது என்று தெரிகிறதா? உடைந்ததும் இடது கண்ணாடி. தட்டில் மிச்சம் வைத்தது எந்தப் பக்கம் என்று உன் மனைவியைக் கேள். மூளையில் ஒரு பக்கம் கெட்டால், கண் நன்றாக இருந்தாலும் எதிர்ப் பக்கத்தில் இருப்பது மனதில் படாமலே போகும்.

இருபது வருடமாக ஸ்கேன் அறையில் படம் எடுக்கிறவள் சொல்கிறேன். இந்த வகைக் கட்டி மூளைக்குப் போவது அபூர்வம். அதனால் தலையை யாரும் வழக்கமாகப் படம் எடுப்பதில்லை. ஆனால் அப்படிப் போகிறவற்றில் பெரும்பாலானவை நுரையீரலில் ஆரம்பித்தவை. நான் டாக்டர் இல்லை, நான் நினைப்பது தப்பாகவே இருக்கட்டும். நாளைக்கே போய்த் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல். அதுவரை ஸ்டியரிங்கைத் தொடாதே. உன் பின்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்கா

மார்ச் 13

அக்கா,

உனக்கு எதைப் பார்த்தாலும் ஸ்கேன்தான். தாளில் இடம் விட்டு எழுதினால் தலையில் கட்டியா? தட்டு விஷயம் கேட்டேன், இடது பக்கம்தானாம். வலது கையால் சாப்பிடுகிறவன் வலது பக்கம் சாப்பிடுவான், இதில் என்ன அதிசயம்?

தலை என்ற வார்த்தை காதில் விழுந்தாலே லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். பஸ் ஓட்டுகிற வரைக்கும்தான் நான் நோயாளி இல்லை, அக்கா. வீட்டில் உட்காரவைத்தால் அன்றைக்கே பாதி செத்துவிடுவேன். பள்ளி முடிய இன்னும் ஆறு வாரம். லீவில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே எனக்கு இருக்கிற குடைச்சல் போதாதா? பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா நேற்று ஊரைக் கூட்டிவிட்டாள். ஒன்றாம் வகுப்பு ரெட்டைச்சடை ஒன்று இடது கதவுப் படியில் நிற்கும்போதே வண்டியை எடுத்துவிட்டேனாம். படியில் யாருமே இல்லை, நான் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். பிள்ளை விழவும் இல்லை.

நீ யாரிடமும் வாயைத் திறக்காதே. என் மேல் சத்தியம்.

ஹாரன்

மார்ச் 17

ஹாரன்,

"படியில் யாருமே இல்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

காலையில் உன் மேனேஜரிடம் பேசிவிட்டேன். அவசரத்துக்கு என்று நீ கொடுத்து வைத்திருந்த அதே நம்பர். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கடிதம் வருவதற்குள் உன்னிடம் சாவியை வாங்கியிருப்பார்கள். சத்தியத்தை மீறியது நான்தான், யார் மேலும் சந்தேகப்படாதே. எனக்கு நீயும் வேண்டும், அந்த ரெட்டைச்சடையும் வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

சாவி போன பிறகு நான் எழுதும் ஐந்தாவது கடிதம். போன் செய்தால் உன் மனைவிதான் எடுக்கிறாள். மூளையின் வலது பக்கத்தில் இரண்டு கட்டி, பெரியதை எடுத்துவிட்டார்கள், சின்னதற்குக் கதிர்வீச்சு என்றாள். "நான் வரட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம் அண்ணி. உங்க பேரை எடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறார்" என்றாள்.

நான் சொன்னது தப்பாகப் போயிருக்கக் கூடாதா என்று தினமும் அழுகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

மே 9

அக்கா,

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. மேனேஜர் கையை நீட்டி, "சாவி" என்றபோது ஆயாதான் அழுதாள், நான் அழவில்லை. லைசென்ஸ் போனது போனதுதான். கட்டி திரும்ப வராது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்த ரெட்டைச்சடையின் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். வலது பக்கம் நின்று விசாரித்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளை வந்ததிலிருந்தே என் இடது பக்கம் நின்று போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. "டிரைவர் மாமா, நான் இங்கதான் நிக்கறேன்" என்றது. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று நான் தேட வேண்டியிருந்தது.

படியில் யாருமே இல்லை என்று உனக்கு எழுதினேனே, அக்கா.

தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருப்பதைப் பார்த்திருப்பாய். இடது பக்கத்தைக் கவனிக்க எனக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் போடச் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். இந்த ஒரு கடிதத்துக்கு நாலு நாள் ஆனது. விரல் வைத்து அளந்து பார்.

லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வா. கட்டிலுக்கு வலது பக்கமாக வந்து நில். உன்னைத் திட்ட வேண்டும், முகம் தெரிந்தால்தான் திட்ட முடியும்.

ஹாரன்