சாமி குடித்தால் கணக்கில் வராது

மேலூர்
12-1-2025

அன்புள்ள மாமாவுக்கு உங்கள் செல்லத்தாய் எழுதுவது. இங்கே நானும் இட்லி அடுப்பும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் கல்லீரலும் சுகமா?

ஆனையூரில் உங்களை விட்டுவிட்டுக் கிளம்பும்போது சிவனாண்டி சார், "போனெல்லாம் இங்க வாங்கி வச்சிருவோம்மா, கடுதாசி போடுங்க" என்றார். "சார், நான் அஞ்சாவதோட நின்னவ" என்றேன். "பரவால்ல, அவரு படிப்பாரு" என்றார். கல்யாணத்துக்கு முன்னால்கூட நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. பேரன் எடுத்த பிறகு, குடியை நிறுத்துகிற இல்லத்துக்கு எழுதுகிறேன். காதல் எந்த ரூபத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

இட்லிக் கடையில் கேட்கிறவர்களிடம் நீங்கள் ஊட்டிக்குப் போயிருப்பதாகச் சொல்கிறேன். "குவாரில கல்லு தூக்குறவருக்கு ஊட்டியாக்கா?" என்று கண்டக்டர் ஒருவர் கேட்டார். "கல்லுத் தூக்குன கை, பூப் பறிக்கப் போயிருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள். நான் பாத்திரம் கழுவுகிறேன்.

கோயில் பெரியவர் முத்துக்கருப்பன் அண்ணன் வந்தார். "தங்கச்சி, சிவராத்திரிக்கு மாப்ளயக் கூட்டியாந்துரு. கருப்பு எறங்குற ஒடம்பு அது. அவன் இல்லாம சாமி எங்க போயி நிக்கும்?" என்றார். தட்டில் இட்லியை வைத்து நீட்டினேன். அன்றைக்குக் கருப்புக்குப் படைக்கிற பிராந்தி பாட்டில் யாருடைய தொண்டையில் இறங்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு
உங்கள் செல்லத்தாய்


ஆனையூர்
19-1-2025

செல்லத்தாய்க்கு,

கடிதம் வந்தது. உன் கேலியைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை நடுக்கம் நின்றிருக்கிறது, அது போதும்.

விடியும் முன்னே எழுப்பி நடக்க விடுகிறார்கள். வந்ததும் கூழ். பிறகு வட்டமாக உட்கார வைத்து அவரவர் கதையைப் பேசச் சொல்கிறார்கள். மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடச் சொல்கிறார்கள். குடிக்கத் தோன்றினால், பசியா, கோபமா, தனிமையா, அலுப்பா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். கேட்டுப் பார்த்தேன். நாலும்தான் என்று பதில் வந்தது.

சிவராத்திரிக்கு நான் வரவேண்டும். நன்றாக யோசித்துவிட்டேன். அன்றைக்குக் குடிப்பது கருப்பு, நான் இல்லை. அருள் வந்த பிறகு எனக்கு என்ன தெரியும்? சாமி குடித்தால் அது என் கணக்கில் வராது. மலையேறியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுநாளே இங்கே திரும்பிவிடுவேன். அண்ணனிடம் வருவதாகச் சொல்.

மலையாண்டி


மேலூர்
26-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கணக்கைப் படித்தேன். நான் அஞ்சாவதோடு நின்றது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் எனக்கும் புரிந்திருக்கும். சாமி குடிக்கும், மலையேறிவிடும். தலைவலி மட்டும் ஏன் மாமா மலையேறுவதில்லை? போன வருஷம் சாமி ஒரு ராத்திரி தொடங்கி வைத்ததை நீங்கள் சித்திரை கழிகிற வரைக்கும் நடத்தினீர்கள். சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து உங்களை இழுத்து வந்தபோது ஒரு கையை நான் பிடித்தேன், ஒரு கையைப் பக்கத்து வீட்டு முனியாயி அக்கா பிடித்தார். கருப்பு எந்தக் கையைப் பிடித்தது?

மூச்சுப் பயிற்சியை நானும் செய்து பார்த்தேன். இட்லிக் கொப்பரைக்கு முன்னால் நின்று இழுத்ததில் மூக்கு வெந்ததுதான் மிச்சம். உங்கள் நாலு கேள்வியையும் கேட்டேன். பசி இல்லை, கோபம் இல்லை, கடை நிறைய ஆள் இருக்கும்போது தனிமை எங்கே? நாலாவது கேள்வியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கலுக்கு நம் திவ்யா பழங்காநத்தத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்யாணமானதிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் ஓடுகிறவள், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்று அவளாகவே சொன்னாள். பிரஷர் பார்க்கிற நர்ஸ் பெண் வந்தது. "என்னக்கா இம்புட்டு எறங்கிருக்கு? மாத்திரைய மாத்துனீங்களா?" என்று கேட்டது. "மாத்திர அதேதான். வீட்டுக்காரரத்தான் ஆனையூர்ல வச்சிருக்கு" என்றேன். அது சிரித்தது. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, நான் கேலிக்குச் சொல்லவில்லை.

செல்லத்தாய்


ஆனையூர்
4-2-2025

செல்லத்தாய்க்கு,

உனக்கு எல்லாம் வேடிக்கை. சிவனாண்டி சாரிடம் கேட்டேன். "பாதியில வெளிய விடுறது நல்லதில்ல. ஒங்க வீட்டம்மா வந்து கையெழுத்துப் போட்டா பாப்போம்" என்கிறார். வந்து போடு.

உனக்கு ஒன்று புரியவில்லை. வருஷம் முழுக்கக் குவாரியில் நான் "ஏய் மலையாண்டி". என் மகன் வயசு மேஸ்திரிகூட அப்படித்தான் கூப்பிடுகிறான். அந்த ஒரு ராத்திரி அதே மேஸ்திரி என் காலில் விழுந்து துன்னூறு வாங்குகிறான். இந்த வருஷம் நான் நிற்காவிட்டால் என் தம்பி மகன் அழகுராஜா கையில் சாமி அரிவாளைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தது திரும்பி வராது. குடியைப் பிடுங்கினீர்கள், சரி. இதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யாரு?

கையெழுத்துப் போட வா.

மலையாண்டி


மேலூர்
16-2-2025

மாமா,

இன்று கடையைப் பூட்டிவிட்டு ஆனையூர் வந்தேன். நீங்கள் உள்ளே தோட்டத்தில் இருந்தீர்களாம். சார் காகிதத்தை நீட்டினார், பேனாவையும் வாங்கிக்கொண்டேன். "அவரக் கூப்பிடவாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் போட்டுவிடுவேன். போடாமல் திரும்பிவிட்டேன்.

முத்துக்கருப்பன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "தெய்வக்குத்தம் ஆயிட்டா நீயா பதில் சொல்லுவ?" என்றார். "சொல்றேண்ணே. கருப்பு வந்து கேக்கட்டும், ரெண்டு இட்லிய வச்சுட்டே சொல்றேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் சாமியாக நிற்கும்போது ஊர் காலில் விழுகிறது. சாமி போன பிறகு விழுகிறவரைத் தூக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்குத் தெம்பில்லை மாமா. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நம்பிக்கை இல்லை.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுதுங்கள்.

செல்லத்தாய்


ஆனையூர்
2-3-2025

செல்லத்தாய்க்கு,

திட்டித்தான் எழுதினேன். எழுதி எழுதிக் கிழித்தேன்.

சிவராத்திரியன்று பொழுது சாய்கிற நேரம் பக்கத்துத் தெருக் கோயிலில் உறுமி அடித்தார்கள். கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டேன். கால் தானாக ஆட ஆரம்பித்தது. அதற்குமேல் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பிடித்தவர்களை எல்லாம் உதறிவிட்டு, "பாட்டிலக் கொண்டாடா" என்று கட்டடம் அதிரக் கத்தினேனாம். இங்கே சமைக்கிற சோலையம்மாள் பயப்படாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, "இங்க இதான் இருக்கு சாமி. குடிச்சிட்டு மலையேறு, எனக்கு அடுப்புல சோறு கிடக்கு" என்றதாம். நான் சொம்பைக் காலி செய்தேனாம். மலையேறிவிட்டது.

அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கருப்புக்குத் தண்ணீர் போதும் என்றால், இத்தனை வருஷமாகப் பாட்டில் கேட்டது யார்? வட்டத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பங்குனி பிறந்ததும் விடுவார்களாம். கூட்டிப்போக வா.

மலையாண்டி


மேலூர்
9-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கேயும் கருப்பு இறங்கியது, அழகுராஜா மேல். நன்றாகத்தான் ஆடினான். பாட்டிலையும் மிச்சம் வைக்காமல் முடித்தான். முத்துக்கருப்பன் அண்ணன் முதல் ஆளாக விழுந்து துன்னூறு வாங்கினார். நானும் வாங்கினேன். மறுநாள் அவன் பெண்டாட்டி கடைக்கு வந்து, "பெரியத்த, மோரு இருக்கா? அவுக இன்னும் எந்திரிக்கல" என்று கேட்டாள். இன்னும் மஞ்சள் கயிறு நிறம் மாறாத பிள்ளை. ஊற்றிக் கொடுத்தேன். எனக்குக் கேலி ஒன்றும் வாயில் வரவில்லை.

உங்கள் சொம்பு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் தெரிந்தால் எது அசல் கருப்பு என்று கூட்டம் போட்டுவிடுவார்கள்.

கூட்டிப்போக நான் வரமாட்டேன் மாமா. உங்களுக்கு வழி தெரியும். ஆனையூரிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து மேலூர் பஸ். இறங்குகிற இடத்திலிருந்து அந்தக் கடை எந்தப் பக்கம், என் கடை எந்தப் பக்கம் என்று நான் எழுத வேண்டியதில்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்தால், அப்புறம் விடவே முடியாது. என் கை அவ்வளவு நாள் தாங்காது.

என் கடைக்கு வந்தால் தட்டு வைப்பேன். சட்னி ரெண்டு கரண்டி கூட ஊற்றுவேன். ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். வராவிட்டால் தேடி வரமாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். தெரிந்தால் அன்றைக்கு வருகிற பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு
செல்லத்தாய்