வாய் திறக்கக் கூடாத ஏழு நாள்

பெண்பிள்ளையான என்னை "ஏலே" என்று மட்டுமே கூப்பிடத் தெரிந்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மா இருக்கிறாள். முழங்கால் வலி அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. ஆனாலும் ரேஷன் கடைக்கு நான் போகிறேன் என்றால் விடுவதில்லை. நீங்கள் காவல் காத்த திராட்சைத் தோட்டத்தில் இப்போது கேமரா வைத்துவிட்டார்கள், ஆளே தேவையில்லையாம். நம் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. விடிவதற்குள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு வந்து நின்றுவிடுகிறார்கள்.

இதெல்லாம் சொல்வதற்காக எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. நாளை மத்தியானம் நான் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அது உங்களைப் பற்றிய கேள்வி.

நான் கதை எழுதுவது உங்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால், "கல்யாணப் பத்திரிக்கை அடிக்கிற கையி கதையும் அடிக்குதோ" என்று சிரித்திருப்பீர்கள். ஆமாம், அடிக்கிறது. டைப்பிங் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதி எழுதி வைத்தேன். ஊரில் யாரிடம் காட்டினாலும் சூப்பர் என்றார்கள், படித்தார்களா என்பதே சந்தேகம். அதனால் போனில் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஒருவர் எழுதிய கதையை மற்றவர்கள் படித்துக் குறை சொல்வதற்கென்றே நடத்துகிற குழு. சென்னை, திருப்பூர், சார்ஜா, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை, எல்லாருக்கும் புனைபெயர்தான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. கதையைக் குழு நடத்துகிறவருக்கு அனுப்பினால், எழுதியவர் யார் என்று சொல்லாமல் அவர் போடுவார். ஏழு நாள் எல்லாரும் பேசுவார்கள். அந்த ஏழு நாளும் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. "ஐயோ, நான் சொல்ல வந்தது அது இல்லைங்க" என்று ஒரு வரி போட்டால்கூட வெளியே தள்ளிவிடுவார்கள். எட்டாம் நாள் மத்தியானம் எழுதியவர் தன் பெயரைச் சொல்லி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

என் முதல் கதையைப் பிய்த்து எறிந்தார்கள். "எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை மாதிரி இருக்கிறது, ஒரு முடியாவது பறக்க வேண்டாமா" என்று ஒருத்தர் கேட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. நாலு நாள் கழித்து எடுத்துப் படித்துப் பார்த்தால், பாவி மனுஷன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அடுத்த கதையில் ஒரு முடியையும் வாரக் கூடாது, உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் உங்களை எழுதினேன்.

நான் எட்டாவது படிக்கும்போது நடந்ததை எழுதினேன். நீங்கள் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலை ரோட்டில் இறங்கி வந்த சாயங்காலம். உங்களுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் பக்கத்துத் தெரு செல்லத்தாயி அத்தை. அத்தை தூங்கி உங்கள் கைமேல் விழ, ஸ்டியரிங் திரும்பி, ஜீப் ரோட்டோரச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. உங்களுக்கு வலது கை முறிந்தது, அத்தை அங்கேயே போய்விட்டாள். ஊருக்கே தெரிந்த கதை இதுதானே. யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் எல்லாவற்றையும் மாற்றினேன். ஜீப்பை வேன் ஆக்கினேன், ஏலத்தைத் தேயிலை ஆக்கினேன், மலையையே வேறு மலை ஆக்கினேன். அத்தைக்கு மாரியம்மா என்று பெயர் வைத்தேன்.

ஒன்றை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அன்று காலையில் நீங்கள் அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் எலுமிச்சம்பழம் கேட்டீர்கள். ஆயுத பூசைக்குக்கூட, "எலுமிச்சம்பழமா வண்டி ஓட்டுது" என்று கேலி பேசுகிற ஆள் நீங்கள். அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து, நசுக்கிவிட்டுப் போனீர்கள். அது எனக்கு அழகாகத் தெரிந்தது. அழகு என்றே நினைத்து எழுதினேன்.

முதல் இரண்டு நாள் எல்லாரும் பாராட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா அழுதேன் என்று போட்டிருந்தார். மூன்றாம் நாள் திருப்பூர்க்காரர் ஒருவர் வந்தார். புனைபெயரே இடிமின்னல். அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: "பழத்தில் நம்பிக்கையே இல்லாத டிரைவர் அன்றைக்கு மட்டும் ஏன் வைத்தார்? வண்டியில் கோளாறு என்று அவருக்குத் தெரியும். எழுதியவருக்குத்தான் தெரியவில்லை."

அதைப் படித்தபோது கடையில் பத்திரிகை திருத்தம் பார்க்க ஒரு கல்யாண வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டேன் என்று சத்தம் போடுகிறார், எனக்குக் காதில் விழவே இல்லை. இல்லை, எங்கப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எழுத விரல் துடித்தது. சட்டம் விடவில்லை. குழுவில் ஒரே கொண்டாட்டம். ஆமாம், ஆமாம், டிரைவருக்குத் தெரியும், இதுதான் கதையின் உயிர், இதை வைத்துத் திருத்தினால் எங்கேயோ போய்விடும் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு நீங்கள் ஒரு பாத்திரம்.

அன்று சாயங்காலம் அம்மா அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஏன் அப்பா பழம் கேட்டார் என்று சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன். அவள் கை நின்றது. கீரையைத் தள்ளி வைத்தாள்.

"மெக்கானிக்கு மொத நாளே சொல்லிட்டாரு, பிரேக்கு புடிக்கல, வண்டிய எடுக்காதீகன்னு. ஏலக்கா பறிக்கிற சமயம். ரெண்டு நாளு வண்டி நின்னா பொம்பளைக வேற ஜீப்புக்குப் போயிருவாகன்னு உங்கப்பா சொன்னாக. தெரிஞ்சுதான் போனாக ஆத்தா. பழத்த நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

உங்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நினைத்துத்தான் வளர்ந்தேன், அப்பா. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போவீர்கள். அன்று காலையில் நீங்கள் எவ்வளவு பயந்திருக்கிறீர்கள்! பயந்துகொண்டே அத்தனை பேரையும் ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை அவர்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அதோடு முடிந்திருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். ஆறாம் நாள், அதாவது நேற்று, அதுவரை ஒரு வார்த்தை பேசாத ஒருத்தி குழுவில் வந்தாள். வெண்பனி என்று பெயர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"இது கருத்து இல்லை, ஒரு கேள்வி. எங்கம்மா ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து இறந்தாங்க. அன்னைக்குக் காலையில அந்த ஜீப் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாங்கன்னு கூடப் போனவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். எங்கம்மா தூங்கி விழுந்துதான் வண்டி கவுந்துச்சுன்னு ஊரே சொல்லுச்சு. சொந்தக்காரங்க இன்னைக்கும் சொல்றாங்க. ஆனா எங்கம்மாவுக்கு மலைப்பாதைன்னா வாந்தி வரும். முன்சீட்டுல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு வருவாங்க. ஒருநாள்கூட வண்டியில தூங்கினது கிடையாது. எழுதினவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தத் தூக்கத்தை நீங்க பாத்தீங்களா? இல்ல, யாரும் சொன்னாங்களா?"

செல்லத்தாயி அத்தையின் மகள்! பக்கத்துத் தெருவில் இருந்தாளே, அத்தை போனபிறகு சித்தி வந்து கூட்டிக்கொண்டு போனாளே, அந்தப் பிள்ளை. மலையை மாற்றினேன், வண்டியை மாற்றினேன், பழத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். அது அவளை நேராக என்னிடம் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. எழுதியவர் எட்டாம் நாள் பதில் சொல்வார் என்று குழு நடத்துகிறவர் போட்டார். நான் போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். பானைக்குள் இருந்தும் டிங் டிங் என்றது.

மறுபடியும் அம்மாவிடம் போனேன். செல்லத்தாயி அத்தை தூங்குனாகளா என்று நேராகவே கேட்டேன். உனக்கு இப்ப என்ன வந்துச்சு என்று எரிந்து விழுந்தாள். எழுந்து போகப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை. அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆசுபத்திரியில வச்சு உங்கப்பாதான் சொன்னாக. போலீசு வர்றதுக்கு முன்னாடி. 'செயிலுக்குப் போனா நம்ம புள்ளைய யாரு பாப்பா? அவ தூங்கி விழுந்துட்டான்னு சொல்லிருவோம். போனவ எந்திரிச்சு வந்து இல்லேங்கவா போறா'ன்னாக."

அப்பா, இந்த வரியை நான் எந்தக் கதையிலும் எழுதியிருக்க மாட்டேன். எழுதினால் இடிமின்னல்கூட நம்ப மாட்டார்.

நீங்கள் அப்புறம் ஜீப்பைத் தொடவே இல்லை, திராட்சைத் தோட்டக் காவலுக்குப் போய்விட்டீர்கள். செல்லத்தாயி அத்தை தெரு வழியாகப் போகாமல், வாய்க்கால் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போவீர்கள். கை முறிந்து வண்டி ஓட்ட முடியாமல் போன துக்கம் என்று நாங்கள் நினைத்தோம். அது என்ன, அப்பா? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? எனக்காகத்தான் அந்தப் பொய் என்றால், அதில் தின்ற சோற்றை நான் என்ன செய்ய?

அம்மா ஒரு வழி சொல்கிறாள். "கற்பனைன்னு போட்டுரு ஆத்தா." எவ்வளவு சுலபம் பாருங்கள்! அந்தக் குழுவில் எல்லாரும் அதைத்தான் போடுவார்கள். முழுக்கக் கற்பனை, யாரையும் குறிப்பிடவில்லை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளும் எலுமிச்சம்பழம் எல்லா வண்டிக்கும் வைப்பதுதானே என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள். போய், இன்னும் எத்தனை கல்யாணத்தில், எத்தனை துக்க வீட்டில், உங்கம்மா தூங்காமல் வந்திருந்தால் என்று யாராவது சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஸ்டாண்டில் உங்கள் படத்தை வைத்திருக்கிறார்களே, அதை எடுத்துவிடுவார்கள். அம்மா ரேஷன் கடையில் வரிசையில் நிற்க முடியாது. அந்தப் பெண் சித்தியோடும் மாமன்மாரோடும் வந்து எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றலாம். தூற்ற அவளுக்கு உரிமை உண்டு. இதற்கெல்லாம் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் வேறு. இப்போது போனவர் நீங்கள். நான் என்ன எழுதினாலும் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டீர்கள். அத்தைக்கு நீங்கள் செய்ததையே நான் உங்களுக்குச் செய்கிறேனா என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சமையல்கட்டில் நின்று உங்களிடம் சண்டைகூடப் போட்டேன். ஒரு வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நான் சொல்லப்போவது பொய் இல்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நாளை மத்தியானம் தனியாக எந்த விளக்கமும் எழுதப் போவதில்லை. இந்தக் கடிதத்தையே அங்கே போடப் போகிறேன். திருப்பூர்க்காரர் படிப்பார், சிங்கப்பூர் அம்மா படிப்பார், அவளும் படிப்பாள். உங்களிடம் முதலில் சொல்லாமல் அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பத்திரிகை அடித்துப் பழகிய கைதான், இப்போது ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுகிறது, அழித்து அழித்து அடிக்கிறேன். அம்மா வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உங்களுக்கு என் வாக்கு இது. அவள் வாசலில் வந்து நின்றால் கதவைத் திறப்பேன். என்ன கேட்டாலும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். யார் வந்து என்ன மிரட்டினாலும், உங்கள் பெயரைச் சொல்லியே மிரட்டினாலும், இந்த ஒரு வரியை அழிக்க மாட்டேன்: செல்லத்தாயி அத்தை தூங்கவில்லை. கண்ணை விழித்து ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

இப்படிக்கு,
பிரேக் பிடிக்காத ஜீப்பைத் தெரிந்தே ஓட்டிய தங்கவேலுவின் மகள்,
ஈஸ்வரி